ஹனியா முறை விட்ட நாள்

எங்கள் பாலைவன ஊரான பிர் கஸாலாவில் ஒரு பேரீச்சைத் தோப்புக்காரர் தன் தண்ணீர் முறையை விட்டார் என்றால், அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. காய்ச்சலா, எழுந்து வா. கல்யாணமா, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. முறை வந்தால் மடை திறந்தாக வேண்டும். இழவு வீட்டுக்கு மட்டும் ஊர் ஒரு சலுகை வைத்திருந்தது. அவர்களுடைய தண்ணீர் அடுத்த தோப்புக்குப் போகும். அந்த அடுத்த தோப்புக்காரர், கேட்காமல் கிடைத்த தண்ணீருக்குப் பதிலாக, பெரிய தட்டு நிறைய, கோதுமை ரவைச் சோறான குஸ்குஸ் சமைத்து இழவு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டங்களை எங்கள் ஊர் எந்த அழகில் மதிக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

இந்தச் சட்டத்தை ஊரிலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஹனியா. மகளின் கல்யாணத்துக்கு இரண்டு கை நிறைய மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுடைய முறை வந்தது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களை அப்படியே விட்டுவிட்டுத் தோப்புக்கு ஓடி, முழங்கையாலேயே மடைப்பலகையைத் தூக்கித் திறந்தாள். இன்னொரு முறை, அடுத்த முறைக்காரரான ஹாஜ் லக்தர் தன் கைக்கடிகாரத்தை நம்பி அவளுடைய மடையைக் கொஞ்சம் முன்னதாகவே அடைக்க வந்துவிட்டார்.  ஹனியா நேராக வாய்க்காலில் இறங்கி மடையில் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் ஊர்த் தண்ணீர் பூமியின் அடிவயிற்றிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஏறி வருவது. தண்ணீர் ஆற்றக் கட்டிய கோபுரத்தில் விட்டு ஆற்றிய பிறகும் வாய்க்காலில் சூடு தெரியும். அந்தச் சூட்டில் தன் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தாள். அன்றிலிருந்து லக்தர் அவளுக்கு வைத்த பெயர் மடை ராணி. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தோப்பை அவளும் அவள் புருஷன் திஜானியும் கல்யாணமான வருஷமே வைத்தார்கள். அது ஊரின் தாழ்ந்த கோடி. மணலும் காற்றும் தவிர ஒன்றுமில்லாத இடம். தாய்மரத்தடியிலிருந்து பெயர்த்த பேரீச்சங்கன்றுகளைக் கோணியில் சுற்றி, கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குழியிலும் திஜானி கன்றைப் பிடித்துக்கொள்வான், ஹனியா மண்ணைத் தள்ளி மிதிப்பாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்த மரங்கள் அவை. தெக்லத் நூர் ரகம். பழத்தைப் பறித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தேன் நிறச் சதைக்குள் கொட்டை நிழலாகத் தெரியும். நல்ல பழத்துக்கு எங்களிடம் வேறு பரீட்சை கிடையாது.

சில வருஷங்களாக அந்தப் பரீட்சையில் அவளுடைய கீழ்வரிசை மரங்கள் தோற்றுக்கொண்டே வந்தன. மட்டைகள் மஞ்சளித்தன. குருத்து வெளிவரத் தயங்கியது. பழம் சுருங்கி, தோல் வெளுத்து, முக்கால்வாசி மரத்திலிருந்தே கொட்டியது. வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தால் செங்கல் துண்டைத் தூக்கிப் பிடித்தது மாதிரி ஒன்றும் தெரியாது. பாத்தியில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாற்போல ஒரே வைத்தியம் சொன்னது: மரத்துக்குத் தாகம், இன்னும் தண்ணீர் விடு. ஹனியாவும் விட்டாள். தன் முறையில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், பாத்தி தளும்பத் தளும்ப விட்டாள். வியாதி இரண்டாம் வரிசைக்கும் ஏறியது.

திஜானி காபெஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். தோப்பு சோறு போடாமல் போனதால்தான் அங்கே போனான். போன குளிர்காலத்தில் வந்தபோது கீழ்வரிசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான். நிலத்தைக் கேட்டு ஒருவர் வருகிறார், மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுக் கிடங்கு கட்டப் போகிறாராம், கொடுத்துவிட்டு நீயும் காபெஸ் வந்துவிடு என்றான். ஹனியா அழவில்லை, கத்தவில்லை. வரும் அறுவடைவரை பொறுக்கும்படி மட்டும் கேட்டாள். கீழ்வரிசைப் பழம் அப்போதும் வெளிச்சம் காட்டாவிட்டால், தானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுவதாக வாக்குக் கொடுத்தாள். வாக்குக் கொடுத்த பிறகு ஒருநாள் அவளைத் தோப்பில் பார்த்தேன். மரத்தடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள்.

குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில்தான் விதாத் வந்தாள். இன்ஜினியர். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஒல்லியான பெண். வெயிலுக்குப் பயந்து ஆண்பிள்ளைத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு திரிந்தாள். ஏற்கெனவே தண்ணீர்ச் சங்கம் பழைய மடைப்பலகைகளை எடுத்துவிட்டு மோட்டார் மடைகள் வைத்திருந்தது. முறை வந்தால் கைபேசியில் மணி அடிக்கும்; பொத்தானை அமுக்கினால் மடை திறக்கும்; அமுக்காவிட்டால் தண்ணீர் தானாக அடுத்த தோப்புக்குப் போய்விடும். அதோடு எங்கள் ஊர்ச் சண்டையெல்லாம் வாய்க்கால் வரப்பிலிருந்து கைபேசிக்கு இடம் மாறியது. இப்போது விதாத் அதற்கு மேலே ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். மண்ணுக்குள் இறக்கும் ஒரு கோல், மரத்துக்குள் குத்தும் இரண்டு ஊசி. வைக்க ஒரு தோப்பு வேண்டும் என்று கேட்டபோது சங்கத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மண்ணில் ஈரம் இருப்பது மேலிடத்துக்குத் தெரிந்தால் முறையைக் குறைத்துவிடுவார்கள் என்று பயம். ஹனியாதான் கையைத் தூக்கினாள். சாகப்போகிற மரத்தை யார் குத்தினால் என்ன என்பது அவளுடைய கணக்கு.

கீழ்வரிசையின் முதல் மரத்தில் விதாத் ஊசிகளைக் குத்தினாள். ஒன்று மரத்துக்குள்ளே லேசாகச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். மரம் தண்ணீரை மேலே இழுக்கும்போது அந்தச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை இன்னொரு ஊசி பார்த்துச் சொல்லும். கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் சூரியத் தகடு. மகள் விட்டுப்போன, கண்ணாடி விரிசல் விட்ட கைபேசியில் அந்த வேகத்தைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு. அவ்வளவுதான். ஹனியாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இந்தக் கோட்டுக்காகவா என் மரத்தைக் குத்தினாய் என்று வாய்விட்டே கேட்டாள்.

விதாத் சிரித்தாள். "இப்ப சாயங்காலம் ஆயிடுச்சுக்கா, அது தூங்கப் போவுது. நாளைக்கு விடியறப்ப மரத்துக்கிட்ட வந்து நின்னு பாருங்க."

மறுநாள் விடிகிற நேரத்தில் ஹனியா மரத்தடியில் நின்றாள். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கிழக்கே மணல்மேட்டுக்கு மேல் சூரியன் எட்டிப் பார்த்தது. முதல் வெயில் மரத்தின் உச்சி மட்டைகளைத் தொட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கோடு தலையைத் தூக்கியது. மெதுவாக, யாரோ படுக்கையிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி, மேலே ஏற ஆரம்பித்தது. ஹனியா மரத்தைப் பார்த்தாள். மரம் எப்போதும்போல அசையாமல் நின்றது. கைபேசியைப் பார்த்தாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. தான் மிதித்துக் கட்டிய மண்ணிலிருந்து, இந்தச் சொரசொரத்த அடிமரத்துக்குள்ளே, ஒரு சத்தமும் இல்லாமல், தண்ணீர் வானத்தைப் பார்க்க ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு காலையும் அது இப்படித்தான் ஏறியிருக்கிறது. அவள் பக்கத்திலேயே நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். யா ரப்பி, யா ரப்பி என்று இறைவனைக் கூப்பிட்டு முணுமுணுத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆடுகளுக்குத் தீனி வைக்கக்கூட அன்றைக்கு வெயில் ஏறிய பிறகுதான் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் இதே வேலை. டீக்கெண்டியையும் கரி அடுப்பையும் மரத்தடிக்கே கொண்டுபோய்விட்டாள். கோடு காலையில் எழும், உச்சிவெயிலில் கொஞ்சம் தயங்கும், மறுபடி நடக்கும், சூரியன் சாய்ந்ததும் படுத்துவிடும். மேகம் மறைத்தால் தளரும். காற்று வீசினால் துள்ளும். அடுப்பில் டீ பொங்கி வழிந்தால்கூட அவளுக்குத் தெரியாது. ஊரில், ஹனியா கைபேசியில் மரத்தோடு பேசுகிறாள் என்று கேலி பேசினார்கள். பேசினால் என்ன, நம் ஊரில் மனுஷனோடு பேசி என்ன கண்டோம் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அடுத்த முறை வந்தது. ஹனியா வழக்கம்போல மடையைத் திறந்து, பாத்தி தளும்பும்வரை விட்டாள். நாளைக்குக் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஆசை ஆசையாக விடியலில் போய் நின்றாள். சூரியன் வந்தது. வெயில் உச்சி மட்டையைத் தொட்டது. கோடு எழவில்லை. சும்மா பேருக்குக் கொஞ்சம் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே. ஹனியா பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு விதாத்தைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள்: கருவியும் பொய், கோடும் பொய், தொப்பி போட்டுக்கொண்டு வந்த நீயும் பொய்.

விதாத் வந்தாள்.  மண்வெட்டி ஒன்று கேட்டாள். இரண்டு பேரும் மரத்துக்கு அருகே குழி தோண்டினார்கள். கை முழங்கைவரை போகிற ஆழம்கூடத் தோண்டவில்லை, குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தது. அழுகிய முட்டை நாற்றம். விதாத் உள்ளே கைவிட்டு ஒரு வேரை எடுத்தாள். கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. இரண்டு விரலால் நசுக்கியதும் குழைந்து போனது. மேட்டுப்பக்க மரத்தடியில் இன்னொரு குழி போட்டார்கள். அங்கே வேர் வைக்கோல் நிறத்தில் விறைப்பாக இருந்தது.

"வேரும் மூச்சு விடணுங்க்கா. மூக்க அமுக்கிப் புடிச்சுக்கிட்டு குடி குடின்னா யாரு குடிப்பா? மரத்துக்குத் தாகம் இல்ல. தண்ணிக்குள்ள முழுகி நிக்குது."

ஹனியா அந்தக் கறுத்த வேரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.  மகள் கல்யாணத்தன்று மருதாணிக் கையோடு ஓடி வந்தது ஞாபகம் வந்தது. மடையில் உட்கார்ந்து சண்டை போட்டது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் மரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதன் மூக்கைத்தான் அமுக்கியிருக்கிறாள்.

"அப்ப நாந்தான் கொன்னுக்கிட்டு இருந்தேனா?" என்று கேட்டாள்.

 விதாத் செய்ய வேண்டியதைச் சொன்னாள். தோப்பின் கடைசியில் நாணல் மண்டிக் கிடக்கும் வடிகாலைத் திறந்துவிட வேண்டும். உப்பும் ஊறிய தண்ணீரும் வெளியேற வழி வேண்டும். அதைவிட முக்கியமாக, அடுத்த முறையை விட வேண்டும். மண்ணுக்குள் இருக்கிற கோல் ஈரம் குறைந்துவிட்டது என்று சொல்கிறவரை மடையைத் திறக்கக்கூடாது.

முதல் வேலையை ஹனியா மறுநாளே தொடங்கிவிட்டாள். அரிவாளும் மண்வெட்டியுமாக வடிகாலில் இறங்கி நாணலை அறுத்துப் போட்டாள். லக்தரின் தோப்பு அதை ஒட்டியே இருப்பதால் அவர் வரப்பில் நின்று தினமும் வேடிக்கை பார்த்தார். தண்ணீரை உள்ளே கொண்டுவர வாய்க்கால் வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வெளியே அனுப்ப வெட்டுகிற மகராசியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடிகாலில் தண்ணீர் நகர ஆரம்பித்தபோது அது மரச்சாறு மாதிரி பழுப்பாக, நுரைத்துக்கொண்டு போனது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் உப்பு.

இரண்டாவது வேலைதான் வேலை. கோடை பிறந்து, தெற்கிலிருந்து அனல் காற்று வீசத் தொடங்கிய வாரத்தில் அவளுடைய முறை வந்தது. ஊரே தண்ணீருக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த நேரம். கைபேசியில் மணி அடித்தது. முறை வந்துவிட்டது, திறக்கவா என்று கேட்டது. ஹனியா அதைத் தரையில் வைத்துவிட்டு, தன்னிச்சையாகக் கட்டைவிரல் போய்விடுமோ என்று பயந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூடிய மடையைத் தாண்டித் தண்ணீர் சலசலத்துக்கொண்டு லக்தர் தோப்பைப் பார்த்துப் போகும் சத்தம் கேட்டது.  தன் குழந்தையை வேறு வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தன் தோப்பில் திடீரென்று தண்ணீர் பாய்வதைப் பார்த்து லக்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடை ராணி முறையை விட்டுவிட்டாளா? அப்படியானால் வேறு கேள்வியே இல்லை. திஜானிக்குத் துறைமுகத்தில் ஏதோ ஆகிவிட்டது. பாரம் விழுந்திருக்கும். அவர் வீட்டுக்கு ஓடினார். அவருடைய மனைவி ஸல்ஹா கண்ணைத் துடைத்துக்கொண்டே பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். சேதி வாய்க்காலைவிட வேகமாக ஓடியது. பொழுது சாய்வதற்குள் ஹனியா வீட்டு முற்றத்தில் பாதி ஊர் நின்றது. முன்னால் ஸல்ஹா, தலையில் குஸ்குஸ் தட்டு, மேலே ஆட்டுக்கறி, கீழே ஆறாய்ப் பெருகும் கண்ணீர்.

ஹனியா கதவைத் திறந்தாள். ஸல்ஹா தட்டை இறக்கி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்னாலிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நல்ல மனுஷன், ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை என்று ஆளாளுக்குத் திஜானியின் குணத்தைச் சொல்லி அழுதார்கள். இதில் பாதிப்பேர் அவன் ஊரில் இருந்தபோது அவனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதே இல்லை. ஹனியா, யாரும் சாகவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். பாவம், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று இன்னும் பலமாக அழுதார்கள். கடைசியில் அவள் கைபேசியை எடுத்துத் திஜானியைக் கூப்பிட்டு, சத்தத்தைப் பெரிதாக்கி முற்றத்துக்கு நடுவே நீட்டினாள்.

"என்னடி, வேலை நேரத்துல?" என்றது திஜானியின் குரல்.

அழுகை நின்றது. லக்தர் ஒரு அடி பின்னால் போனார்.

"திஜானி, நீதானா? நெசமாவே நீதானா?"

"நான்தான் ஹாஜ். என்னது, யாரு அழுவுறா அங்க?"

"ஒனக்காகத்தாம்பா அழுதோம். ஒம் பொண்டாட்டி முறைய விட்டுட்டா."

 நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திஜானி கைபேசியை வைத்தான். லக்தர் ஹனியாவை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் நிஜமான பயம் வந்திருந்தது. சாவில்லாத வீட்டுத் தண்ணீர் என்றால், அவர் தோப்பில் பாய்ந்தது திருட்டுத் தண்ணீர்.

"யாரும் சாகலன்னா ஏன் விட்ட?"

"மரம் சாகக் கூடாதுன்னு விட்டேன் ஹாஜ்."

அவர்களுக்கு அது புரியவில்லை. புரியவைக்கிற நிலையில் அவளும் இல்லை. ஆனால் சமைத்த சோறு வீணாகலாமா? எல்லோரும் உட்கார்ந்து அந்தக் குஸ்குஸைச் சாப்பிட்டுவிட்டு, ஹனியாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருமனதாக முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

திஜானி இரண்டு நாளில் வந்தான். வந்ததும் நேராகத் தோப்புக்குப் போனான். அனல் காற்றில் மற்றவர்கள் தோப்பெல்லாம் ஈரமாகப் பளபளக்க, அவனுடைய பாத்திகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. அவனுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நீயே கைவிட்டுவிட்ட பிறகு அறுவடைவரை எதற்குக் காத்திருக்க வேண்டும், நாளைக்கே அந்த ஆளை வரச் சொல்கிறேன் என்றான். ஹனியா வாதாடவில்லை. நாளைக்கு விடிந்ததும் ஒரு தடவை என்னோடு வா, பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடு என்றாள்.

விடியலில் இருவரும் கீழ்வரிசை முதல் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஹனியா டீ ஊற்றிக் கொடுத்தாள். கைபேசியை அவன் மடியில் வைத்தாள். கோடு தரையில் கிடந்தது. அவன் கொட்டாவி விட்டான். சூரியன் மேட்டுக்கு மேலே வந்தது, உச்சி மட்டைகள் பொன்னிறமாயின. கோடு அசைந்தது. எழுந்தது. ஏறியது. அவள் முதன்முதலாகப் பார்த்து உடம்பு சிலிர்த்த உயரத்தைத் தாண்டியது. தாண்டி இன்னும் மேலே போனது. மேல்மண் வெடித்துக் கிடக்கும் இந்த அனலில், அந்த மரம் என்றைக்கும் குடிக்காத அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்தது. ஹனியாவே இதை எதிர்பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

திஜானி கைபேசியையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். துறைமுகத்தில் மலை மலையாகப் பாரம் தூக்குகிறவன் அவன். ஒரு சரக்குப் பெட்டியை அந்த உயரத்துக்குத் தூக்க எவ்வளவு இரும்பு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு இரைச்சல் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். டீ டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து போய் மரத்தில் காதை வைத்தான். அப்படியே நின்றான். வெயில் அவன் முதுகுவரை இறங்கி வந்தது.

"ஒண்ணுமே கேக்கலடி," என்றான் ரொம்ப நேரம் கழித்து. 

என்றாலும் அவன் பிடிவாதக்காரன். கோடு ஏறினால் பழம் வந்துவிடுமா, பேச்சு பேச்சுதான், அறுவடையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் காபெஸுக்குப் பஸ் ஏறினான். நிலம் வாங்குகிறவரிடம் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டான்.

அந்தக் கோடையில் ஹனியா கோல் சொன்னபோது மடையைத் திறந்தாள், வேண்டாம் என்றபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திறந்தபோதும் பாதி முறையோடு மூடினாள். அவளுடைய பாத்தியில் உப்பு பூப்பது நின்றது. கீழ்வரிசை மரங்களின் நடுவிலிருந்து குருத்துகள் ஈட்டி மாதிரி பச்சையாக மேலே வந்தன. வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த லக்தர், ஒருநாள் தன் மரத்தடியிலும் யாருக்கும் தெரியாமல் குழி தோண்டிப் பார்த்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் என்று அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கோடை முடிகிற சமயத்தில் ஸல்ஹா ஹனியா வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். கையில் தட்டு இல்லை.

"நாளைக்கு எங்க முறைய விடுறோம். எங்க வீட்ல யாரும் சாகல. அடுத்த தோப்புக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். சோறு கீறு ஆக்கிடாதீங்க."

ஹனியா சரி சரி என்று தலையாட்டினாள். மறுநாள் ஒரு பெரிய தட்டு குஸ்குஸ் செய்து, மேலே ஆட்டுக்கறி வைத்து, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு லக்தர் வீட்டுக்குப் போய், ஹாஜ் நல்ல மனுஷன், ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை என்று வாசலில் நின்று அழுதாள். லக்தர் உள்ளேயிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு சிரிப்பு தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அறுவடைக்குத் திஜானி வந்தான். மேட்டு வரிசையில் அவனுக்கு அக்கறை இல்லை. நேராகக் கீழ்வரிசைக்குப் போனான். அந்த வருஷம் அங்கே பழம் கொட்டவில்லை. குலைகள் மட்டைக்கு அடியில் கனத்துத் தொங்கின. எல்லா மரமும் முழுசாகத் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு மரம் இன்னும் நோஞ்சானாகத்தான் நின்றன. திஜானி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஊசி குத்திய மரத்தில் ஏறினான். ஹனியா கீழே நின்றாள். வாக்குக் கொடுத்தவள் அவள்தான். இத்தனை மாதமாக அவள் மடித்துவைக்காத துணி, கட்டாத பெட்டி எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. மேலே பார்க்கப் பயந்துபோய் மரத்தின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திஜானி ஒரு பழத்தைப் பறித்தான். சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். தேன் நிறத்துக்குள்ளே கொட்டை நிழலாக, நேராக, தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்றைப் பறித்துப் பிடித்தான். அதிலும் தெரிந்தது. குலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. அதிலும்தான். மரத்தின் உச்சியில், கயிற்றில் சாய்ந்தபடி, அவன் ஒரு பழத்தைக்கூட வாயில் போடாமல், ஒவ்வொன்றாக வெயிலுக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

அப்போது அவனுடைய சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தான். நிலம் வாங்குகிறவர். அறுவடை வரட்டும் என்று சொல்லியிருந்தான் அல்லவா, சரியாக வந்துவிட்டார். திஜானி அதை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த கைபேசியைத் தன் தலைத்துண்டில் முடிந்து, குலை இறக்கும் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினான்.

"யாரு?" என்று கேட்டாள் ஹனியா.

"அந்த ஆளுதான். நான் செத்துட்டேன்னு சொல்லிடு."

ஹனியா முடிச்சை அவிழ்த்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தாள். அழுகுரல் எடுக்கத்தான் வாயைத் திறந்தாள், நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"இங்க யாருமே சாகலங்க," என்றாள்.